காதுகுத்துக்குப் போன கப்பல்

கப்பலில் கேபின் வேலை பார்ப்பவன் உலகத்தையே சுற்றி வருகிறான் என்பது உண்மைதான், ஆனால் முக்கால்வாசி நேரம் அவன் முகம் மெத்தையைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. நான் ஒன்பது வருஷம் அப்படிக் குனிந்திருந்தேன். பதினாறு அறைகள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இப்போது காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அதே வேலையை நிமிர்ந்து நின்று மேற்பார்வை பார்க்கிறேன். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் தங்குகிற லாட்ஜ் அது. நான் கப்பலில் இருந்தவன் என்று தெரிந்ததும் புடவைப் பைகளைக் கட்டிலில் போட்டுவிட்டு முதலில் கேட்பது, எந்த ஊர் ரொம்பப் பிடித்தது என்றுதான்.

பயணிகள் ஊரை அழகு பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் அளவுகோல் வேறு. கப்பல் படியிலிருந்து எத்தனை நிமிஷ நடையில் ஊர் வரும், இலவச வைஃபை எந்தக் கடையில் கிடைக்கும், அதற்கெல்லாம் முன்னால் அன்றைக்கு நம்மை இறங்க விடுவார்களா என்பதுதான் எங்களுக்குத் துறைமுகம். பண்டிகைக்கு லீவு கேட்டு, அடுத்த தடவை பார்க்கலாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும். கடைசியாகப் போன உலகச் சுற்றில் எனக்குப் பிடித்த துறைமுகங்களை மட்டும் சொல்கிறேன்.

ஃபுன்ஷால்

இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி முதலில் நிற்கிற தீவு இது. படியிறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஒரு காபிக் கடை, காபி வாங்கினால் வைஃபை. எங்கள் ஆட்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் அவரவர் பாஷையில் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கோமதி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா இருப்பது பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். மாமாவுக்கு அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் மகள் யாழினிக்கு இன்னும் காது குத்தவில்லை.

காரணம் நான்தான். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே தாய்மாமன் எப்போதும் ஏதாவது ஒரு கடலில் இருந்தான். பதினோராம் மாதம் குத்தலாம் என்றார்கள், நான் நார்வேயில் இருந்தேன். இப்போது மூன்றாவது வயது முடியப் போகிறது. இதை விட்டால் ஐந்தில்தான். அக்காவின் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறானே, அவனும் தம்பி முறைதானே, அவனை வரவழைத்து மடியில் வைத்தால் ஆயிற்று என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அக்கா கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எனக்கு மாற்றாக வர வேண்டிய ஆள் வந்து சேரவில்லை, கப்பல் என்னை விடவில்லை. அக்னி முன்னால் அக்கா கையில் நான் போட வேண்டிய பொரியை அந்தச் சித்தப்பா மகன்தான் போட்டான். அக்கா அப்போது போனில் பரவாயில்லை என்றுதான் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், அது உப்பு போடாத ரசத்தைப் பற்றியதாக இருந்தாலும், கடைசியில் அந்தப் பொரியில்தான் வந்து நின்றது. இந்தச் சுற்றில் பினாங்கு உண்டு, ஒரு பகல் முழுக்க நிற்கும் என்று ஃபுன்ஷாலிலிருந்து சொன்னதும் அக்கா சொன்னாள்:

"பொரியும் அவன் போட்டான், மடியும் அவனுதா? நீ வந்து உக்காருப்பா. இல்லன்னா அவ காது அப்டியே இருக்கட்டும்."

பனாமா

இங்கே யாரும் இறங்குவதில்லை. ஆனாலும் எனக்குப் பிடிக்கும். பயணிகள் அத்தனை பேரும் கால்வாயைப் பார்க்க மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள், அறைகள் காலியாக இருக்கும், ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும். பால்கனிக் கண்ணாடியைத் துடைக்கும்போது கால்வாயின் சிமெண்டுச் சுவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஊர்ந்து போகும். உலக அதிசயத்தை நான் பார்த்தது அப்படித்தான், கையில் துணியோடு.

அன்றைக்குக் கிடைத்த நேரத்தில் கீழ்த்தளத்தில் எங்கள் அறைக்குப் போய் லாக்கரைத் திறந்தேன். உள்ளே யாழினிக்கு மாமன் சீராகப் பட்டுப்பாவாடைத் துணி இருந்தது. அப்பா வீட்டுத் தறியில் நெய்தது, இலைப்பச்சையில் அரக்கு பார்டர். கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று, ஒரே மடிப்பில் விட்டுவிடாதே, ஜரிகை விட்டுப்போகும் என்று. அதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் அதை எடுத்து, உதறி, மடிப்பை மாற்றி மடித்து, பழைய வேட்டியில் சுற்றி வைப்பேன். என்னோடு அறையில் இருந்தவன் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன். ஒரு நாளைக்கு முப்பது முறை துணி மடிக்கிறவன் ஓய்வு நேரத்திலும் துணி மடிப்பதை அவனால் தாங்க முடியவில்லை. மேலடுக்குப் படுக்கையில் படுத்தபடியே எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"உங்கள் ஊரில் துணிக்குக்கூடத் தினமும் உடற்பயிற்சி உண்டா?"

ஆக்லாந்து

ஆக்லாந்தில் நான் பார்த்த முக்கியமான இடம், எங்கள் சாப்பாட்டு அறைக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகை. கப்பல் கரையில் நிற்கும்போது ஊழியர்களில் ஒரு பங்கு ஆட்கள் உள்ளேயே இருக்க வேண்டும், தீ, கீ என்று ஏதாவது நடந்தால் ஆள் வேண்டுமே. யார் எந்த ஊரில் உள்ளே இருப்பது என்ற பட்டியல் அங்கேதான் ஒட்டப்படும். சிட்னிக்கு எனக்கு விடுதலை, பினாங்குக்கு நான் உள்ளே என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். சாப்பாட்டு அறைக்குள் போகாமல் அப்படியே திரும்பினேன்.

ரோமெலுக்கு நேர் எதிர். அவனுக்கு சிட்னியில் உள்ளே, பினாங்கில் விடுதலை. சிட்னியில் அவனுடைய அத்தை இருந்தாள், ஏழு வருஷமாகப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சேர்ந்தே போய் எங்கள் மேற்பார்வையாளரிடம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டோம். அவர் கோவாக்காரர், நல்ல மனிதர், ஆனால் நல்லவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார். எதற்கு என்று கேட்டார். காதுகுத்து என்றேன். யாருக்கு என்றார். சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார்:

"பதினாறு அறையும் முடிந்திருக்க வேண்டும். ஒரு அறை மிச்சம் இருந்தாலும் பினாங்கை நீ ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பாய்."

சிட்னி

சிட்னியை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சிட்னி இல்லை. ரோமெல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முடிக்குத் தண்ணீர் தடவிக்கொண்டு இறங்கிப் போனான். நான் படிக்கட்டுக் கைப்பிடிக்கு பாலிஷ் போட்டேன். அந்தப் பெரிய கப்பலில் எங்களையும் டோரத்தி மேடத்தையும் தவிர மனித வாசனையே இல்லை.

டோரத்தி மேடம் என் பதினாறாவது அறை. எண்பத்து நான்கு வயது இங்கிலாந்துக்காரர், தனியாக வந்தவர். இது அவருக்கு ஆறாவது உலகச் சுற்று, எந்த ஊரிலும் இறங்க மாட்டார். எல்லாம் பார்த்தாகிவிட்டது, அப்போதே ஒன்றும் பிரமாதமில்லை என்பார். எல்லோரும் ஊர் சுற்றப் போன பிறகு பால்கனியில் புத்தகத்தோடு உட்காருவார், பதினோரு மணிக்கு மேல்தான் அறையை விட்டு வெளியே வருவார். அதனால் அவர் அறை எப்போதும் எனக்குக் கடைசி.

சிட்னி எதிரிலேயே இருக்கும்போது நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று அன்று கேட்டார். பினாங்குக்காக விட்டுக் கொடுத்தேன் என்று ஆரம்பித்து, மடி, காது, பொரி, பதினாறு அறை நிபந்தனை எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தாய்மாமன் மடி எதற்கு என்று கேட்டார். வலிக்கிற நேரத்தில் குழந்தை அம்மா வீட்டு ஆளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான் என்று சொன்னேன். அந்தப் பதில் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அந்த நிமிஷம் வாயில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கள் ஊரில் அதற்கு ஒரு கடை இருக்கிறது. ஐந்து நிமிஷம். யாரும் உலகத்தைச் சுற்றி வர வேண்டியதில்லை."

புக்கெட்

இந்த ஊரில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும், சின்னப் படகில்தான் இறங்க வேண்டும். அன்று அலை அதிகம். படகு இறக்க முடியாது என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். என் அறைப் பயணி ஒருவர், அலைக்கு நானே பொறுப்பு என்பது போல என்னிடம் புகார் சொன்னார். எனக்கோ வேறு பயம். நாளைக்குப் பினாங்கும் இப்படிப் போய்விட்டால்? ரோமெல்தான் சமாதானம் சொன்னான், அங்கே கப்பல் நேராகத் துறைமுக மேடையில் போய் ஒட்டிக்கொள்ளும், படகு கிடகு எதுவும் வேண்டாம் என்று.

மாலையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். உலகச் சுற்றில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். அன்றைக்குக் கடிகார மாற்றம் இல்லை என்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. காசு கொடுத்துக் கப்பல் வைஃபையிலேயே அக்காவைக் கூப்பிட்டு, டோரத்தி மேடம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், பத்தே முக்காலுக்கு இறங்கிப் பதினோரு மணிக்குக் கோவிலில் இருப்பேன் என்றேன். நாளைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம், அதற்குள் குத்திவிட வேண்டும் என்றாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஊரில் இருக்கிற எல்லாக் காதையும் குத்தலாம் என்றேன். ரோமெல் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னான்:

"கடிகாரம் மாறாத நாளில் எதுவும் தப்பாகப் போகாது, குமரேசன்."

பினாங்கு: பதினாறாவது அறை

அன்று காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தேன். பயணிகள் காலைச் சாப்பாட்டுக்குப் போகப் போக, பின்னாலேயே உள்ளே நுழைந்தேன். பத்தே காலுக்குள் பதினைந்து அறை முடிந்துவிட்டது. இனி டோரத்தி மேடம் பதினோரு மணிக்கு மேல் எழுந்து வெளியே வர வேண்டும், நான் அதற்கப்புறம் சுத்தம் செய்ய வேண்டும். தள்ளுவண்டியோடு கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவும் மனசில்லை, தட்டாமல் இருக்கவும் வழியில்லை.

கதவு தானாகத் திறந்தது. மேடம் உடுத்தித் தயாராக நின்றார். குளியலறையைத் துடைத்து, துண்டுகளை மடித்து, படுக்கையையும் அவரே விரித்திருந்தார். விரிப்பு ஒரு பக்கம் தரையைத் தொட்டது, இன்னொரு பக்கம் மெத்தை தெரிந்தது, தலையணை இரண்டும் இரண்டு திசையில் பார்த்தன. ஒன்பது வருஷப் பழக்கம் என்னை விடவில்லை. முழுசாகப் பிரித்து மறுபடி விரித்தேன். ஏழு நிமிஷம் போயிற்று. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்று சொன்னார்:

"படுக்கையைப் பார்க்காமல் போ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இவ்வளவு வயதுக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுக்கிறார்கள்."

பினாங்கு: ராகு எந்த ஊர்

வேட்டிக்கு மாறி, பாவாடைத் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். கோவில் துறைமுகத்திலிருந்து கால் மணி நேர நடைதான். உள்ளே போனபோது என் போனில் பதினொன்று ஐந்து. அக்கா, மாமா, அக்காவின் மாமியார், காது குத்த வந்த ஆசாரி, நாலைந்து உறவுக்காரர்கள் எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. அக்காவின் கண் சிவந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்து.

அப்போதுதான் புரிந்தது. புக்கெட்டுக்குத் தாய்லாந்து நேரம், பினாங்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பினாங்கை விட்டால் அடுத்தது கொழும்பு, அது ரொம்பப் பின்னால். ஒரு பகலுக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி மறுபடி பின்னே இழுப்பானேன் என்று கேப்டன் கப்பலைத் தாய்லாந்து நேரத்திலேயே விட்டுவிட்டார். கடிகாரம் மாறாது என்றால் வித்தியாசமே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். என் போனையும் நாங்கள் எல்லோரும் வைப்பது போலக் கப்பல் நேரத்திலேயே வைத்திருந்தேன். நடுக்கடலில் தானாக மாற விட்டால் அது பைத்தியம் பிடித்த மாதிரி மாறும். பினாங்குத் தரையில் நின்றுகொண்டு கப்பல் நேரத்தில் வாழ்ந்தது அங்கே நான் ஒருவன்தான்.

ராகு காலம் பிறந்துவிட்டது, ஒன்றரைக்கு மேல்தான் குத்த வேண்டும் என்றார் மாமியார். மண்டபத்தை இரண்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும், சாப்பாடு எப்போது போடுவது என்றார் மாமா. அக்கா என் கையிலிருந்த பாவாடைத் துணியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். அந்த வெடுக்கில் பொரி முழுக்க இருந்தது. நான் காஞ்சிபுரத்துக்கு வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன், எதற்கு என்று தெரியாமலேயே. அம்மா விஷயத்தைக் கேட்டார், எழுந்து போய்ச் சுவரிலிருந்த தினசரி காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். அங்கே மணி ஒன்பது முப்பத்தைந்து, நல்ல நேரம் பத்தே கால் வரைக்கும் போட்டிருந்தது. குழந்தை உட்கார்ந்திருப்பது பினாங்கில் அல்லவா, இங்கே இருக்கிற ராகுதானே கணக்கு என்று மாமியார் கேட்டார். அம்மா விடவில்லை. "பாவாட இங்க நெய்தது, மாமன் இங்க பொறந்தவன், அந்தப் புள்ளைக்கு ஜாதகம் எழுதனதும் இங்கதான். ராகு மட்டும் அங்க வந்துக்கினு இருக்குதா சம்பந்தி?" என்றார். மாமியார் யோசித்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ராகு எந்த ஊர்க்காரர்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க. எனக்கு ரெண்டு மணிக்கு வேற ஒரு காது இருக்கு."

பினாங்கு: மடி

மாமியார் கடைசியில் தலையாட்டினார். யாழினி என் மடிக்கு வந்தாள், அதாவது தூக்கி வைத்தார்கள். முதல் காதுக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவதற்குத் தெரிந்துவிட்டது. கையைக் காலை உதறினாள், பிறகு என் முழங்கைக்குக் கீழே நன்றாகக் கடித்தாள். நான் கையை இழுக்கவில்லை. குழந்தை பிடித்துக்கொள்ளட்டும் என்றுதானே உட்கார்ந்தேன், பல்லால் பிடித்தால் என்ன. எனக்கு வலித்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. கையில் வரிசையாக ஆறு பல் பதிந்திருந்ததை மாமா பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பல்லு உங்க அக்காவுது, மச்சான். நானும் பாத்திருக்கேன்."

பினாங்கு: இலை

காலையில் கடிகாரத்தால் பட்ட அவமானம் போதும் என்று போனை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன். மூன்று மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும், கப்பல் நேரப்படி. இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். அக்கா முதல் நாளே சமைக்க ஆரம்பித்திருக்கிறாள், வடை, பாயசம் எல்லாம். மணி ஒன்றரை. திடீரென்று ஒரு கணக்குப் போட்டேன். கப்பலுக்கும் இதற்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், அப்படியானால் அங்கே மூன்று என்பது இங்கே இரண்டு. காலையில் லேட்டானவன், மறுபடியும் லேட்டாகப் போகிறேன். ஒரு முறை ஒரு பக்கமாக ஏமாந்தவன் மூளை மறுமுறையும் அதே பக்கம்தான் ஓடும். கப்பலைத் தவற விட்டால் வேலை போகும். சாம்பார் ஊற்றிய இலையை விட்டு எழுந்தேன்.

பரிமாறிய இலையை விட்டு எழுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அக்கா கரண்டியோடு நின்றாள். அதற்குக் கத்தியிருந்தால் தேவலை. நான் ஓடினேன், வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினேன். படியேறி அட்டையை இயந்திரத்தில் காட்டினேன். அதில் கப்பல் நேரம் வந்தது, பன்னிரண்டு ஐம்பது. கப்பலில் மூன்று என்றால் கரையில் நாலு, இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காவலில் நின்ற நேபாளக்காரர் மூச்சு வாங்குகிற என்னையும் கையில் இருந்த பல் தடத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவ்வளவு சீக்கிரமா? பினாங்கில் பார்க்க ஒன்றுமே இல்லையா?"

பினாங்கு: டாக்ஸி ஸ்டாண்டு

திரும்ப இறங்கி, வாசலுக்கு வெளியே டாக்ஸி ஸ்டாண்டில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அழுதுவிடுவேன் போல இருந்தது, அதையும் சொன்னேன். மண்டபத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறோம், எங்கள் படகுத்துறையும் அந்தப் பக்கம்தான், நின்ற இடத்திலேயே நில் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தார்கள். மாமா கையில் அடுக்கு கேரியர், அக்கா கையில் சுருட்டிய வாழையிலை, மாமியார் இடுப்பில் யாழினி, காதில் கம்மல். உட்கார இடமில்லை, நடைபாதை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தேன். அக்கா என் எதிரில் குத்துக்காலிட்டு, இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, வடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் வைத்தாள். எங்கள் கப்பல் பயணிகள் ஊர் சுற்றிவிட்டுப் பைகளோடு அந்த வழியாகத்தான் திரும்பினார்கள். ஒருவர் நின்று படம் எடுத்தார். யாழினி என்னைப் பத்தடி தூரத்திலிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

பாதி சாப்பிட்டதும் போதும் என்றேன். அக்கா கேட்கவில்லை. இன்னொரு கரண்டி சாதம் வைத்து, நடுவில் குழி பறித்து, சாம்பார் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல், இலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"என் கல்யாணத்துல நீ உக்காராத எலைக்கும் சேத்து சாப்புடு. இனிமே நான் அத பேச மாட்டேன்."

லாட்ஜுக்கு வருகிறவர்களிடம் பினாங்குதான் என்று நான் சொல்வதும், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று அவர்கள் கேட்பதும், டாக்ஸி ஸ்டாண்டு என்று நான் சொன்னதும் பாவம், கப்பல் வேலைக்காரனுக்கு வேறென்ன பார்க்கக் கிடைத்திருக்கும் என்று அவர்கள் இரக்கப்படுவதும் இன்றைக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.